அச்சங்கள் எழுதிய பாடத்திட்டம்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்த பையன் மருத்துவராக ஐந்தரை ஆண்டுகள் ஆகின்றன; வழக்கறிஞராக ஐந்து. அதே பையன் கத்தோலிக்கக் குருவாக வேண்டுமென்றால் பத்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பிடிக்கும். சேசு சபை போன்ற துறவற சபையில் சேர்ந்தால் இன்னும் சில ஆண்டுகள் கூடும். அத்தனையும் முடித்து அவர் போய் நிற்பது ஏதோ ஒரு பங்கில், உதவிப் பங்குத்தந்தையாக. காலைத் திருப்பலி, ஞாயிறு மறைக்கல்வி, வீடு மந்திரிப்பு, அடக்கச் சடங்கு என்று நாள்கள் நகரும். இந்த வேலைக்கா இவ்வளவு படிப்பு என்று கத்தோலிக்கக் குடும்பங்களுக்குள்ளேயே கேட்பவர்கள் உண்டு.

பாடங்களின் பட்டியலைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. மெய்யியலுக்கு இரண்டு ஆண்டுகள், இறையியலுக்கு நான்கு ஆண்டுகள், ஆக மொத்தம் குறைந்தது ஆறு ஆண்டுகள் என்கிறது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, விதி 250. மீதி ஆண்டுகள் எங்கிருந்து வந்தன? குருமடக் கல்வியை யாரும் ஒரே மூச்சில் திட்டமிட்டு வகுக்கவில்லை. ஏறத்தாழ 460 ஆண்டுகளில், திருச்சபை அந்தந்தக் காலத்தில் எதைக் கண்டு அஞ்சியதோ அதற்கான மருந்து ஒரு பாடமாக, ஓர் ஆண்டாக, ஒரு தேர்வாக உள்ளே வந்து சேர்ந்தது. நோய் போன பிறகும் மருந்து பெரும்பாலும் நிறுத்தப்படவில்லை. ஆகவே இந்தக் கல்வியைப் புரிந்துகொள்ள அந்த அச்சங்களை வரிசையாகப் பார்ப்பதே நல்ல வழி. தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் வரும்போது அந்த வரிசையில் ஐரோப்பாவில் இல்லாத வேறோர் அச்சமும் நுழைகிறது.

அறியாத குரு

முதல் அச்சம் அறியாமை. நடுக்கால ஐரோப்பாவில் குருவாவதற்கென்று தனிப் பள்ளி கிடையாது. பேராலயப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படித்தவர்கள் சிறு கூட்டம்தான். நாட்டுப்புறத்துச் சிறுவன் பங்குக் குருவிடம் எடுபிடியாகச் சேருவான். பூசைக்கு உதவி செய்து, இலத்தீன் செபங்களைக் காதால் கேட்டு நெட்டுருப் போட்டு, வயது வந்ததும் ஆயர்முன் நின்று பட்டம் பெற்றுவிடுவான். தான் சொல்லும் மன்றாட்டின் பொருள் தனக்கே தெரியாத குருக்களைப் பற்றி அன்றே புகார்கள் இருந்தன. லூத்தரின் சீர்திருத்தம் பரவியபோது அந்தப் புகார் எதிர்த்தரப்பின் கையில் ஆயுதமாயிற்று.

1545இல் தொடங்கிய திரெந்து பொதுச்சங்கம் முடிவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1563 ஜூலை 15 அன்று, இதற்கு மருந்து எழுதியது. ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் குருமடம் ஒன்று வேண்டும். சேருபவனுக்குப் பன்னிரண்டு வயதாவது நிறைந்திருக்க வேண்டும். முறைப்படி மணந்த பெற்றோரின் பிள்ளையாக இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. பணக்காரப் பிள்ளைகளும் வரலாம், ஆனால் தங்கள் செலவில். இலக்கணம், திருச்சபை இசை, விழா நாள்களைக் கணிக்கும் முறை, மறைநூல், புனிதர்களின் மறையுரைகள், அருளடையாளங்களை நிறைவேற்றும் விதம் ஆகியவை பாடங்கள். இவற்றில் ஒப்புரவு அருளடையாளத்தை, அதாவது பாவசங்கீர்த்தனம் கேட்கும் முறையைத் தனியாக அழுத்திச் சொன்னது ஆணை. செலவுக்கு மறைமாவட்டத்தின் திருச்சபை வருமானங்களிலிருந்து பங்கு பிடித்துக்கொள்ள ஆயருக்கு அதிகாரமும் தரப்பட்டது.

அந்தப் பன்னிரண்டு வயது கவனிக்க வேண்டிய ஒன்று. உலகம் பையனைக் கெடுப்பதற்கு முன்பே அவனை எடுத்துக்கொண்டுவிட வேண்டும் என்பதே கணக்கு. தமிழ்நாட்டில் அண்மைக் காலம் வரை ஆறாம், எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைகளைச் சிறு குருமடங்களுக்கு அனுப்பிய வழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. இன்று பெரும்பாலான மறைமாவட்டங்கள் பத்தாம் வகுப்பு அல்லது பிளஸ் டூ முடியும்வரை காத்திருக்கின்றன. பட்டப்படிப்பு முடித்து, வேலைக்கும் போய்விட்டு வருபவர்களும் உண்டு.

ஆணை பிறந்தாலும் குருமடங்கள் உடனே முளைத்துவிடவில்லை. மிலானில் கர்தினால் கார்லோ பொரோமேயோ விரைந்து செயல்பட்டார். பிரான்சில் அது வேர்பிடிக்க அடுத்த நூற்றாண்டு ஆயிற்று. பாரிஸின் ரூ து பாக் தெருவில் 1663இல் ஒரு குருமடம் எழுந்தது. வெளிநாட்டு மறைபரப்புப் பணிக்கென்றே உருவான அந்த வீட்டிலிருந்து வந்தவர்கள்தான் பின்னாளில் புதுச்சேரியில் குருமடம் நடத்தினார்கள்.

தகுதி உண்டா என்ற கேள்வி

ஐரோப்பாவில் குருக்களுக்குப் போதிய படிப்பு இல்லை என்ற அச்சம். இந்தியாவிலோ, படித்தாலும் இவர்கள் தேறுவார்களா என்ற ஐயம். கோவாவில் புனித பவுல் கல்லூரி 1540களிலேயே தொடங்கிவிட்டது. இந்தியப் பிள்ளைகள் அங்கே இலத்தீன் படித்தார்கள். கொல்லத்தைச் சேர்ந்த பேரோ லூயிஸ் என்ற பிராமணர் சேசு சபையில் சேர்ந்து 1575இல் குருப்பட்டம் பெற்றார். முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே பணி செய்தார். அவருக்குப் பின் நெடுங்காலம் அந்தச் சபையின் கதவு இந்தியர்களுக்குத் திறக்கவில்லை. கோவாவைச் சேர்ந்த மத்தேயுஸ் தெ காஸ்த்ரோவின் கதை இன்னும் கசப்பானது. சொந்த ஊரில் பட்டம் தர மறுத்தார்கள். அவர் ரோமை போய்ப் படித்துக் குருவாகி, 1637இல் ஆயராகவும் ஆனார். ஆயராகத் திரும்பிய பிறகும் போர்த்துக்கீசிய அதிகாரத்தோடு அவருக்கு ஓயாத மல்லுக்கட்டு.

தமிழகத்தின் நிலை வேறு. மதுரை மறைபணித் தளத்தில் ஊர் ஊராகச் சுற்றி மறைபோதித்தவர்கள், சாகக்கிடப்பவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர்கள், சண்டை தீர்த்தவர்கள், செபம் சொல்லிக் கொடுத்தவர்கள் எல்லாம் வேதியர்களும் உபதேசியார்களும். குரு ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகிற ஊர்களில் இவர்களே திருச்சபை. வீரமாமுனிவர் 1727இல் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ இவர்களுக்கான நூல். தமிழில் உரைநடை வளர்ந்த கதையில் அதற்கு உரிய இடம் தருகிறோம். அதோடு, அந்த நூற்றாண்டில் தமிழகத் திருச்சபை யாருக்குப் பயிற்சி கொடுத்தது, யாருக்குக் கொடுக்கவில்லை என்பதற்கும் அந்த நூலே சான்று. துணைப் பணிக்கு உள்ளூர் ஆள், பலிபீடத்துக்கு வெளிநாட்டார்.

இந்த ஐயம் தவறென்று நிரூபித்தவர் பக்கத்திலேயே இருந்தார். கோவாவில் படித்து 1676இல் குருவான யோசேப் வாஸ் தமிழ் கற்றுக்கொண்டு, டச்சுக்காரர் தடையையும் மீறி 1687இல் இலங்கைக்குள் நுழைந்தார். அவரும் அவர் வழியில் வந்த கோவா ஒரட்டோரியன் குருக்களும்தான் அங்கே கத்தோலிக்கத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள். அவர்களில் யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். முழுக்க முழுக்க இந்தியக் குருக்களே தாங்கிய ஒரு திருச்சபை அது. யோசேப் வாசுக்குப் புனிதர் பட்டம் 2015இல் கிடைத்தது.

புதுச்சேரியின் கதையில் ஒரு சுவையான கிளை உண்டு. பாரிஸ் மறைபரப்பாளர்கள் ஆசியப் பிள்ளைகளுக்காக 1665இல் சயாமின் அயுத்தயாவில் குருமடம் தொடங்கினார்கள். சயாம்மீது பர்மியர் படையெடுத்ததும் அது சிதறி, கம்போடியக் கரைக்குப் போய், அங்கும் நிலைக்காமல், 1770 வாக்கில் புதுச்சேரிக்கருகே வீராம்பட்டினம் என்ற மீனவ ஊரில் ஒதுங்கியது. பத்தாண்டுகளுக்கு மேல் வியட்நாமிய, சீன மாணவர்கள் அங்கே இருந்து இலத்தீன் படித்தார்கள். அவர்களுக்குள் பொதுமொழி அதுதான். அவர்களை நடத்திய பிஞோ தெ பெஹேன் வியட்நாமிய-இலத்தீன் அகராதி ஒன்றைத் தொகுத்ததும் அங்கே இருந்தபோதுதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குருமடம் பினாங்கில் மீண்டும் நிலைகொண்டது. வீராம்பட்டினத்தில் இன்று இது எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

உள்ளூர்க் குருக்கள் வேண்டும் என்ற கருத்து பாரிஸ் சபையின் அடிப்படைக் கொள்கையாகவே இருந்தும் அது மெல்லத்தான் நடைமுறைக்கு வந்தது. ஆயர் பொன்னான் கூட்டிய 1844ஆம் ஆண்டுப் புதுச்சேரி மாமன்றம் பள்ளிக் கல்வியையும் உள்ளூர்க் குருக்களின் பயிற்சியையும் முதன்மைப் பணியாக்கியது. அடுத்த ஆண்டே ரோமையின் விசுவாசப் பரப்புதல் பேராயம், உள்ளூர்க் குருக்களை வெறும் உதவியாளர்களாக வைத்திருக்கக் கூடாது, ஆயர்ப் பொறுப்புக்கும் அவர்களை ஆயத்தப்படுத்த வேண்டும் என்று உலகெங்கும் அறிவுறுத்தியது. 1893இல் திருத்தந்தை 13ஆம் லியோ கண்டியில் ஒரு பாப்பிறைக் குருமடத்தை நிறுவினார். இந்தியாவின் பிள்ளைகளே இந்தியாவுக்கு மீட்பின் பணியாளர்களாவார்கள் என்பது அதன் விருதுவாக்கு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாக இருந்த அந்த வீடு 1955இல் புனேக்கு மாறியது. கண்டியின் அம்பிட்டியவில் இலங்கைக்கென்று தேசியக் குருமடம் வந்தது. கொடைக்கானல் மலையின் செண்பகனூரில் 1895இல் சேசு சபையார் தங்கள் வீட்டைத் தொடங்கினார்கள். புதுச்சேரி மரபு பெங்களூர் மல்லேஸ்வரத்தின் புனித பேதுரு குருமடமாக 1934இல் இடம்பெயர்ந்தது. சலேசிய சபையைச் சேர்ந்த பேராயர் மத்தியாஸ் 1936இல் பூந்தமல்லியில் திரு இருதயக் குருமடத்தைத் திறந்தார். இதற்கிடையில் 1923இல் முத்துக்குளித்துறை மண்ணின் மைந்தரான திபூர்சியுஸ் ரோச் தூத்துக்குடியின் ஆயரானார். பேரோ லூயிசுக்குப் பட்டம் கிடைத்து 348 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்பதை வரலாற்று நூல்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகின்றன. பிரான்சின் கான் நகரில் ஜான் பிகார் என்ற பெண்ணும் அவர் தாயும், ஜப்பானிலிருந்த பிரெஞ்சு ஆயர் ஒருவரின் கடிதத்தைக் கண்டு, மறைபரப்பு நாடுகளின் குருமாணவர்களுக்காக 1889இல் நிதி திரட்டத் தொடங்கினார்கள். அது பின்னர் புனித பேதுரு பாப்பிறைக் கழகமாயிற்று. இன்றும் உலகின் பல குருமடங்களுக்கு உதவி அங்கிருந்து போகிறது. ஆண்களுக்கு மட்டுமே உரிய ஒரு கல்வியின் செலவுக்கு வழிசெய்தவர்கள் இரண்டு பெண்கள்.

மணியும் மௌனமும்

இன்றைய பாதை மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் சற்று மாறினாலும் ஓட்டம் ஏறத்தாழ ஒன்றுதான். பங்குக் குருவின் பரிந்துரையோடு பையன் கோடை விடுமுறையில் தேவ அழைத்தல் முகாமுக்குப் போகிறான். தேர்வானால் சிறு குருமடம். அங்கே தங்கியபடியே கல்லூரிப் படிப்பு. பிறகு ஓராண்டு முழுக்க ஆன்மீகத்துக்கு. அதன்பின் மெய்யியல், இந்தியாவில் இது பெரும்பாலும் மூன்று ஆண்டுகள், ஏனென்றால் பிளேட்டோ, அக்குவினா, காண்ட் ஆகியோரோடு உபநிடதமும் சங்கரரும் இராமானுசரும் புத்தமும் பாடத்தில் உண்டு. மதுரைக்கருகே கருமாத்தூர், சென்னை, பெங்களூர் என்று வெவ்வேறு வீடுகள். மெய்யியல் முடிந்ததும் ஒன்றிரண்டு ஆண்டுகள் களப்பணி, ‘ரீஜென்சி’ என்பார்கள். பள்ளி விடுதியிலோ பங்கிலோ வேலை. ஊர் அவரை ‘பிரதர்’ என்று கூப்பிடும். சம்பளமும் கிடையாது, பட்டமும் இல்லை. ஆனால் அங்கியும் எதிர்பார்ப்பும் உண்டு. திரும்பி வந்து இறையியல் நான்கு ஆண்டுகள்: மறைநூல், கோட்பாட்டு இறையியல், ஒழுக்க இறையியல், திருவழிபாடு, திருச்சபைச் சட்டம், வரலாறு. கிரேக்கமும் எபிரேயமும் கொஞ்சம். இடையில் வாசகர், பீடத்துணைவர் பணிகள். கடைசியில் திருத்தொண்டர் பட்டம். ஆறு மாதமாவது கழித்துக் குருப்பட்டம். வயது இருபத்தைந்து நிறைந்திருக்க வேண்டும்.

விடியுமுன் மணி. தியானம், திருப்பலி, காலை உணவு, வகுப்பு. நண்பகலில் சில நிமிடம் மனச்சோதனை. மாலையில் விளையாட்டு, தோட்ட வேலை. செபமாலை, படிப்பு, இரவு மன்றாட்டு. அதன்பின் மறுநாள் காலைவரை பேச்சு கிடையாது. இந்த ஒழுங்கைச் சிறைக்கு ஒப்பிட்டவர்களும் உண்டு, வாழ்நாள் முழுதும் நன்றியோடு நினைப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது.

இறையியலின் இறுதி ஆண்டில் நடக்கும் பாவசங்கீர்த்தனப் பயிற்சியில்தான் திரெந்து சங்கத்தின் பழைய கவலை இன்றும் உயிரோடு இருக்கிறது. மாணவர் குருவாக நாற்காலியில் உட்காருகிறார். ஒழுக்க இறையியல் பேராசிரியர் பாவம் அறிக்கையிட வந்தவராக முழந்தாளிடுகிறார். அவர் ஒரு சிக்கலோடு வருவார். இப்படி ஒன்று என்று வைத்துக்கொள்வோம்: “சாமி, நான் அரிசிக் கடையில வேலை பாக்குறேன். மொதலாளி எடையைக் கொறைச்சுப் போடச் சொல்றார். நாலு வருசமா போட்டுக்கிட்டு இருக்கேன். வேலையை விட்டா பிள்ளைங்க பட்டினி.” மாணவர் அங்கேயே முடிவுசெய்ய வேண்டும். குற்றம் எவ்வளவு இவருடையது, எவ்வளவு முதலாளியுடையது? ஏமாந்த நூற்றுக்கணக்கானவர்களைத் தேடிப்பிடித்து ஈடுசெய்ய முடியாதபோது ஈடுசெய்தல் எப்படி? வேலையை விடு என்று சொல்லலாமா? நான்கு ஆண்டுகள் படித்த ஒழுக்க இறையியல் இரண்டு நிமிடப் பேச்சாக, அதுவும் கண்டிப்பும் கனிவும் கலந்த தமிழில், வெளிவர வேண்டும். மாணவர் மறையுரையே ஆற்றத் தொடங்கிவிட்டால், வெளியே இன்னும் இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைப் பேராசிரியர் நினைவூட்டுவார். பட்டம் பெற்றாலும் தானாக யாரும் பாவசங்கீர்த்தனம் கேட்டுவிட முடியாது. தேர்விலோ வேறு வகையிலோ தகுதி உறுதியான பிறகே அதற்கான அதிகாரம் தரப்படும் என்கிறது விதி 970.

பட்டத்துக்குமுன் மாணவர் தன் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டு ஆயரிடம் ஒரு கடிதம் தர வேண்டும்: தானாக விரும்பி, யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் குருத்துவத்தை ஏற்கிறேன், வாழ்நாள் முழுதும் இப்பணிக்கு என்னைத் தருகிறேன் என்று. தட்டச்சு செய்த படிவம் செல்லாது. திருமண ஓலை வாசிப்பதுபோல் பட்டம் பெறப்போகிறவர் பெயரும் பங்குகளில் வாசிக்கப்படுவதுண்டு. தடை எதுவும் தெரிந்தவர்கள் சொல்லலாம். தாத்தா வேண்டிக்கொண்டார், அம்மா நேர்ந்துவிட்டார் என்று பிள்ளைகள் வந்து சேரும் நம் ஊரில் இந்தக் கைப்படக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம் என்றே நினைக்கிறேன். ஆனால் பத்தாண்டு கழித்து, ஊரே பந்தல் போட நாள் குறித்த பிறகு, ‘வற்புறுத்தல் இல்லை’ என்று எழுதுகிற ஒருவருக்கு உண்மையில் எவ்வளவு சுதந்திரம் இருக்கும்?

வழியில் விலகுபவர்கள் நிறையப் பேர். ஆண்டுதோறும் மதிப்பீடு உண்டு. குருமடம் போகச் சொல்லலாம், மாணவரும் போகலாம். ‘சாமியாராப் போனவன் திரும்பி வந்துட்டான்’ என்று ஊர் பேசும். ஆனால் தமிழகத்தின் ஆசிரியர்களில், இதழாளர்களில், வழக்கறிஞர்களில், சமூகச் செயல்பாட்டாளர்களில் குருமடம் சில ஆண்டுகள் வளர்த்து அனுப்பியவர்கள் கணிசமாக உண்டு. அவர்களைத் தோற்றவர்களாக எண்ணும் பழக்கம் மாற வேண்டும்.

இலத்தீன் போய்த் தமிழ் வந்தது

நவீன மெய்யியல் விசுவாசத்தைக் குலைக்கும் என்ற அச்சம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்குவினாவின் மெய்யியலைப் பாடத்தின் நடுவில் உட்கார வைத்தது. 13ஆம் லியோவின் 1879ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் அது தொடங்கியது. அதற்கு வாகனம் இலத்தீன். தமிழ்ப் பையன் கண்டியிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து இலத்தீன் பாடநூலை மனப்பாடம் செய்து, இலத்தீனிலேயே வாய்மொழித் தேர்வில் பதில் சொன்னான். அவனுடைய பங்கு மக்களுக்கு அது விளங்காது என்பது யாருக்கும் பெரிய குறையாகத் தெரியவில்லை.

இதன் விளைவைத் தனிநாயகம் அடிகளின் வாழ்க்கையில் தெளிவாகப் பார்க்கலாம். 1913இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பக்கம் பிறந்தவர். கொழும்பில் குருமடம், பிறகு ரோமையில் உர்பான் பல்கலைக்கழகம். 1938இல் குருப்பட்டம். ஆய்வு செய்தது, மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் காலத்துக் குருக்களைப் பற்றி. இலத்தீனும் ஐரோப்பிய மொழிகள் பலவும் கைவந்த பிறகு தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கு வந்து, வடக்கன்குளத்தில் பள்ளிப் பணியில் இருந்தபோதுதான் தமிழ் இலக்கியத்தை ஆழமாகப் படிக்கத் தொடங்கினார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டிய மனிதருக்குத் தமிழ் இலக்கியம் குருமடம் தந்த கொடை அல்ல. அது முடிந்தபின் அவரே தேடிக்கொண்டது. அவர் ஒருவரைச் சொல்லி மரபு முழுவதையும் குறை கூறிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் சுவாமி ஞானப்பிரகாசர் 1901இலேயே குருவாகி, சொற்பிறப்பாராய்ச்சியில் மூழ்கியிருந்தார். ஆனால் அவரும் தம் முயற்சியால் ஆனவரே.

இலத்தீனின் முடிவு வந்தது திடீரென்றுதான். 1962 பிப்ரவரி 22 அன்று திருத்தந்தை 23ஆம் யோவான், குருமடங்களில் முக்கியப் பாடங்களை இலத்தீனில்தான் நடத்த வேண்டும் என்று ஆணையிட்டார். அவரே கூட்டிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கியது. சில ஆண்டுகளில் திருப்பலி தமிழானது, ஆணை காற்றோடு போயிற்று. 1965இல் வந்த குருத்துவப் பயிற்சி பற்றிய சங்க ஏடு, அந்தந்த நாட்டு ஆயர்கள் தங்கள் பயிற்சித் திட்டத்தைத் தாங்களே வகுக்கலாம் என்றது. 1972இல் 6ஆம் பவுல், சிகை மழிப்பு, வாயில்காப்போர், பேயோட்டுநர் போன்ற பழைய படிகளை எடுத்துவிட்டார். புதுச்சேரிப் பகுதியில் பிறந்த அமலோர்பவதாஸ் 1967இல் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தில் இந்திய முறை வழிபாடு வடிவம் பெற்றது. அதே பணிக்குத் திண்டிவனத்தில் தமிழக நடுநிலையம். தமிழ்க் குருமாணவரின் மேசைக்கு 1995இல் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வந்தது. ஆயினும் இறையியல் வகுப்புகளில் பெரும்பகுதி இன்றும் ஆங்கிலத்தில்தான். இலத்தீன் இருந்த நாற்காலியில் ஆங்கிலம் உட்கார்ந்தது. தமிழுக்குக் கிடைத்தது பிரசங்கமேடை.

இன்றைய அச்சம்

கடந்த நாற்பது ஆண்டுகளில் வந்த அச்சம் வேறு வகை. குரு படித்தவரா என்பது இப்போது கேள்வியில்லை. அவர் நம்பத்தகுந்த மனிதரா என்பதே கேள்வி. குருக்கள் சிறாரிடம் பாலியல் வன்முறை செய்ததும், ஆயர்கள் அதை மறைத்ததும் நாடு நாடாக வெளிவந்தன. 1992இல் 2ஆம் ஜான் பால், மனிதப் பண்பு, ஆன்மீகம், அறிவு, மேய்ப்புப்பணி என்று பயிற்சியை நான்காகப் பிரித்து, மனிதப் பண்பை முதலில் வைத்தார். 2008இல் உளவியல் சோதனைகளுக்கு வழிகாட்டும் ஏடு வந்தது. 2016 டிசம்பர் 8 தேதியிட்ட புதிய பயிற்சி ஒழுங்கு, ஆயத்த ஆண்டைக் கட்டாயமாக்கியது. சிறாரின் பாதுகாப்பைப் பாடத்தில் சேர்த்தது. பயிற்சியில் பெண்களின் பங்கு வேண்டும் என்றது. பயிற்சி காவல்துறை வேலையாக இல்லாமல் கைவினைஞரின் வேலையாக இருக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் துறவற சபைத் தலைவர்களிடம் சொன்னது 2014 ஜனவரியில் வெளியானபோது பரபரப்பானது. கண்காணிப்புக்குப் பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு நாளைத் தள்ளி, பட்டம் வாங்கியதும் உள்ளே இருந்ததையெல்லாம் மக்கள்மீது அவிழ்ப்பவர்களைப் பற்றிய கவலை அது. மணியும் மௌனமும் அப்படிப்பட்டவரைக் கண்டுபிடித்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒழுங்குக்கு நன்றாக நடித்துக் காட்டுபவருக்குப் பத்தாண்டுகள் ஒரு பொருட்டே அல்ல.

தமிழகத்தில் இதற்கு முன்னமே பாடமாகியிருக்க வேண்டிய அச்சம் ஒன்று உண்டு: சாதி. 19ஆம் நூற்றாண்டுக் குருமடங்கள் ‘மேல்சாதி’ மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று காரணம் காட்டித் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை ஒதுக்கின. தனிநாயகம் அடிகள் தமிழ் படித்த அதே வடக்கன்குளத்தில், கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்த சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நின்றது. இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் கொள்கை ஏடு, நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று ஒப்புக்கொண்டது. ஆயர்களில் அவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே என்பதையும் சொன்னது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமை போனபோது, சாதிப் பிரிவினையை நிலைநிறுத்தும் எந்த வழக்கத்துக்கும் இடம் தரக் கூடாது என்று 2ஆம் ஜான் பால் அவர்கள் முகத்துக்கு நேரே கூறினார். தலித் இறையியல் 1980களில் சீர்திருத்தச் சபைகளின் கல்லூரிகளில், குறிப்பாகச் சென்னை குருகுலத்தில் வளர்ந்தது. கத்தோலிக்க இறையியலாளர்களும் அதைக் கையிலெடுத்தார்கள். பாடத்திட்டத்தில் அது இப்போது இருக்கிறது. ஆனால் தேர்வு எழுதி முடித்த மாணவர் திரும்பிப் போவது சாதிவாரியாகத் தெருவும் கல்லறையும் பிரிந்துகிடக்கும் ஊருக்கு. அவருடைய சொந்தச் சாதியே முதல் திருப்பலிக்குச் சுவரொட்டி அடிக்கிறது. உளவியலாளரிடம் அனுப்பி ஒருவரின் மனச்சமநிலையைச் சோதிக்கும் குருமடம், அவரது சாதி உணர்வைச் சோதிக்க அதே கருத்தோடு ஒரு முறையை இன்னும் வகுக்கவில்லை. இந்தக் கல்வியின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

எண்ணிக்கையும் குறைகிறது. உலகின் பெரிய குருமடங்களில் 2011இல் 1,20,616 மாணவர்கள் இருந்தார்கள், 2022இல் 1,08,481. ஐரோப்பாவில் சரிவு மிகக் கடுமை. வேண்டுமானால் இன்னொரு குருமடத்தை மூடிவிடலாம். பங்கை அப்படி மூடிவிட முடியாதே. ஆகவே ஜெர்மனியிலும் பிரான்சிலும் பல பங்குகளைத் தமிழ்க் குருக்கள் நடத்துகிறார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு முடித்துப் போனவர்களை அந்நாட்டு மறைமாவட்டங்கள் மறுபடி வகுப்பறையில் உட்கார வைக்கின்றன: மொழி, சட்டம், அந்த ஊரின் பழக்கவழக்கம். ஜெர்மன் மொழித் தேர்வில் தேறிய பிறகே மறையுரை. ஊர்ப் பெரியவர்கள் அவர் உச்சரிப்பைக் குறை சொல்லிப் பங்குப் பேரவையில் பேசுகிறார்கள். இவரால் நம் மக்களைப் புரிந்துகொள்ள முடியுமா என்று கேட்கிறார்கள்.